ஓடு நன்றாகத்தானே இருக்கிறது, எதற்குப் பிரித்து மேய வேண்டும்?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 68. நாற்பது வருடம் மேஸ்திரி வேலை பார்த்து ஓய்ந்தவர். தண்டையார்ப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் தன் கை படாத தெரு குறைவு என்கிறார், நம்புகிறேன். அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸை ஒட்டிய மேசாவில் இருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் அங்கே வீடு வாங்கினார்கள். 1998-ல் கட்டியது. சரிவான மரக்கூரை, மேலே சிமென்ட் ஓடு. போன ஜூலையில் புழுதிப் புயலோடு வந்த ஒரே ஒரு மழைக்குப் பேத்தியின் அறை சீலிங்கில் காபி கொட்டியது போலக் கறை. கூரை வேலை பார்க்கும் ஒருவர் ஏறிப் பார்த்துவிட்டு, ஓடு நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் கழற்றி அடியிலுள்ள விரிப்பை மாற்றி அதே ஓட்டைத் திரும்ப அடுக்க வேண்டும் என்று 24,000 டாலர் கேட்டிருக்கிறார். இரண்டாமவர் கறைக்கு நேர் மேலே இரண்டு சரிவுகள் கூடும் பள்ளத்தை மட்டும் சரிசெய்ய 1,800 டாலர், ஒரு வருட உத்தரவாதம் என்கிறார். மூன்றாமவர் புது வகைப் பிளாஸ்டிக் விரிப்பு, ஆயுள் முழுவதும் உத்தரவாதம், 19,000 டாலர் என்கிறார்.

மேஸ்திரிக்குக் கோபம். "ஓடு உடையலன்னு அவனே சொல்றான். உடையாத ஓட்டை எதுக்குக் கழட்டணும்? வெளியூர்ப் பையன்னு மாப்பிள்ளையை ஏமாத்தப் பாக்கறானுங்க" என்று எழுதுகிறார். கூடவே இரண்டு கேள்விகள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் அந்தப் பாலைவன வெயிலுக்கு எந்த விரிப்பு தாங்கும், எப்படிப் பார்த்துக்கொள்வது? அப்புறம், வரும் மார்ச்சில் மகளைப் பார்க்கப் போகும்போது அதிலேயே ஒரு சுருள் வாங்கி வந்து, ஒழுகும் தன் வீட்டு மொட்டைமாடியில் ஒட்டலாமா? 1987-ல் போட்ட தளம் அது. வடக்கு மூலையில் ஒழுகுகிறது, கீழே சமையலறையில் உப்பு பூத்திருக்கிறது, இரண்டு வருடத்துக்கு முன் அடித்த வெள்ளை ரப்பர் பெயின்டும் உரிந்துவிட்டது என்கிறார்.

ஐயா, வணக்கம்.

உங்கள் சந்தேகம் எனக்கும் ஒரு காலத்தில் வந்ததுதான். அரிசோனாவில் டூசான் நகரத்தில் ஐந்து வருடம் வீடுகளைப் பரிசோதிக்கும் வேலை பார்த்தவன் நான். போன புதிதில், பளிச்சென்று இருக்கும் ஓட்டை ஆள் வைத்துக் கழற்றி, ஓரமாக அடுக்கி, மறுபடி அதையே ஏற்றுகிறார்களே, இதென்ன பிழைப்பு என்று நினைத்தேன். முதல் வாரமே எனக்கு மேலே இருந்தவர் ஒரு கூரையில் ஏற்றி, ஓர் ஓட்டைத் தூக்கிப் பார் என்றார். அடியில் ஒரு கைப்பிடி புழுதி, புறா இறகு, சருகு. அதைத் தள்ளிவிட்டு, கீழே இருந்த கருப்பு விரிப்பை விரலால் தொட்டேன். நமுத்த அப்பளம் என்றால்கூடக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இது பொரித்த அப்பளம். விரல் பட்ட இடம் பொடிந்து, அடியில் பலகை தெரிந்தது. ஓட்டில் ஒரு கீறல் கிடையாது.

நாட்டு ஓட்டு வீடுகள் இருந்த காலத்தில் ஐப்பசி மழைக்கு முன்னால் ஓட்டைப் பிரித்து மேய்வதைப் பார்த்திருப்பீர்கள், செய்தும் இருப்பீர்கள். முதல் ஆள் சொல்வது கிட்டத்தட்ட அந்த வேலைதான். ஒரு வித்தியாசம் உண்டு. நம் நாட்டு ஓட்டுக் கூரையில் அடியில் ஒன்றும் கிடையாது. ஓடும் நல்ல சரிவும்தான் மழையைத் தள்ளின. அங்கே கைமரத்தின் மேல் ப்ளைவுட் பலகை அடித்து, அதன் மேல் ஒரு விரிப்பு விரித்து, அதற்கு மேல் ரீப்பர் என்ற மெல்லிய மரச்சட்டம் அடித்து, அதில் ஓட்டை மாட்டுகிறார்கள். காற்றோடு வரும் மழை ஓட்டுக்கு அடியில் புகுவது அங்கே சகஜம். புகுந்த தண்ணீரை ஏந்தி, கூரையின் கீழ் விளிம்பான இறவாணம் வரை கொண்டுபோய்க் கொட்டுவது அந்த விரிப்பு. அண்டர்லேமென்ட் என்பார்கள், நாம் அடிவிரிப்பு என்று வைத்துக்கொள்வோம்.

இதை உங்களுக்கு விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். நம் மொட்டைமாடியில் மேலே பதிக்கும் தட்டோடா தண்ணீரை நிறுத்துகிறது? அதற்கு அடியில் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்களே, அந்தத் தளம் அல்லவா பாதி வேலையைப் பார்க்கிறது? தட்டோடு வெயிலுக்கும் கால் மிதிக்கும் கவசம். தட்டோடு உடையாமலே கீழே ஒழுகிய மாடிகள் உங்கள் அனுபவத்தில் எத்தனை இருந்திருக்கும்! மேசா வீட்டிலும் அதே கதைதான்.

வெயில் அங்கே செய்யும் வேலை

சென்னையில் 2003 மே மாதம் ஒரு நாள் 45 டிகிரி அடித்ததை இன்னும் பேசுகிறோம். பீனிக்ஸில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேலே போனது. அது காற்றின் சூடு மட்டும். வெயிலில் கிடக்கும் கருத்த கூரைப் பரப்பு 70 டிகிரியைத் தாராளமாகத் தாண்டும். வெயில் இறங்கினால் அந்தப் பரப்பு ஆறிவிடும். பகலில் விரிந்து இரவில் சுருங்கி, வருடம் முழுக்க இதே ஆட்டம்.

1990-களில் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் தார் ஃபெல்ட்தான் (தார் ஊறிய கனத்த தாள்) அடிவிரிப்பு. தாரில் உள்ள எண்ணெய்ப் பசை இந்தச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகும். பசை போனால் ஃபெல்ட் சுருங்கும், விறைக்கும், ஆணி அடித்த இடத்தில் கிழியும். சிமென்ட் ஓடு ஐம்பது வருடம் கிடக்கும். ஃபெல்ட் இருபது, இருபத்தைந்து வருடத்தில் ஓய்ந்துவிடும். உங்கள் மகள் வீடு 1998-ல் கட்டியது என்கிறீர்கள். வயதைக் கேட்டாலே பாதி பதில் கிடைத்துவிட்டது.

பாலைவனத்தில் மழை எங்கே வருகிறது, ஃபெல்ட் போனால் போகட்டுமே என்று தோன்றலாம். பீனிக்ஸில் வருடத்துக்கு 200 மில்லிமீட்டர்கூடப் பெய்யாது. நமக்கு ஏறக்குறைய 1,400. ஆனால் அங்கே பெய்யும்போது ஜூலை, ஆகஸ்டில் புழுதிப் புயலின் பின்னாலேயே கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். அந்தப் புழுதி முன்பே ஓட்டின் அடியில் புகுந்து, ரீப்பரின் மேல்பக்கத்தில் வரப்பு கட்டியது போலத் தங்கியிருக்கும். தண்ணீர் வரப்பில் தேங்கி, ஆணி ஓட்டையைத் தேடிப்பிடித்து இறங்கும். மீதி நாளெல்லாம் காய்ந்து கிடப்பதால் கூரை கெட்டது யாருக்கும் தெரிவதில்லை.

மூன்று இடத்தில் ஓட்டைத் தூக்கச் சொல்லுங்கள்

அதற்காக அந்த முதல் ஆள் சொன்னதை அப்படியே நம்பச் சொல்லவில்லை. மாப்பிள்ளை அவரைத் திரும்பக் கூப்பிடட்டும். இறவாணத்துக்கு அருகில் ஓர் இடம், சரிவின் நடுவில் ஓர் இடம், அந்தப் பள்ளத்தை ஒட்டி ஓர் இடம். மூன்றிலும் நாலைந்து ஓட்டைத் தூக்கி, விரிப்பைக் கையால் மடக்கி, வீடியோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். வெயில் அதிகம் படும் தெற்கு, மேற்குச் சரிவில் எடுத்தால் உண்மை சீக்கிரம் தெரியும்.

மூன்று இடத்திலும் பொடிந்தால் மொத்தமாகப் பிரித்து மேய்வதுதான் வழி. 1,800 டாலருக்குப் பள்ளத்தை மட்டும் அடைத்தால் அடுத்த மழைக்கு வேறு அறையில் கறை வரும். நடுவிலும் இறவாணத்திலும் விரிப்பு இன்னும் வளைந்து கொடுக்கிறது, பள்ளத்தில் மட்டும் தகடு அரித்திருக்கிறது என்றால் இரண்டாம் ஆள் சொல்வது நியாயம். இன்னும் நாலைந்து வருடம் ஓட்டலாம். பணத்தைப் புரட்ட அவகாசம் கிடைக்கும்.

மாப்பிள்ளை தானாகப் பார்க்கக்கூடிய ஒன்றும் இருக்கிறது. சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே உள்ள பரண் பகுதிக்குள் டார்ச்சோடு போய், ப்ளைவுட் பலகையின் அடிப்பக்கத்தில் கருப்புத் திட்டு, ஆணி முனையில் துரு இருக்கிறதா என்று பார்க்கட்டும். விடியற்காலையில்தான் போகவேண்டும். கோடை மதியத்தில் அதற்குள் நுழைந்தால் பத்து நிமிடத்தில் மயக்கம் வரும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இன்னொன்று. மார்ச்சில் போகும்போது நீங்கள் அந்தக் கூரையில் ஏறாதீர்கள், ஐயா. உங்கள் கால் பழகியது மொட்டைமாடிக்கு. சரிவான ஓட்டில் புழுதி படிந்திருந்தால் சறுக்கும், தவறான இடத்தில் மிதித்தால் ஓடும் உடையும். அங்கே எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரிக்கு ஆகும் செலவில் இங்கே ஒரு மாடி கட்டிவிடலாம்.

எந்த விரிப்பு?

இப்போது கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஒன்று பழைய தார் ஃபெல்ட். 15 பவுண்ட், 30 பவுண்ட் என்று கனத்தைச் சொல்லி விற்பார்கள். விலை குறைவு, எல்லாருக்கும் போடத் தெரியும். ஆனால் அந்த வெயிலில் அதன் முடிவு என்ன என்பதைத்தான் இப்போது உங்கள் மகள் வீட்டில் பார்க்கிறீர்கள்.

இரண்டாவது சிந்தெட்டிக். பாலிப்ரொப்பிலீன் இழையில் நெய்தது, உரச்சாக்கு போல இருக்கும். லேசானது, கிழியாது, தண்ணீரை உறிஞ்சாது. இதில் நல்லதும் உண்டு, மட்டமும் உண்டு. மட்டமானதில் ஆணி அடித்தால் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும், தானாக மூடிக்கொள்ளாது. ரீப்பர் அடிக்கத்தான் நூற்றுக்கணக்கில் ஆணி இறங்குகிறதே! தகரக் கூரைக்கென்று செய்ததை ஓட்டுக்கு அடியில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே மூன்றாம் ஆளிடம் பொருளின் பெயரைக் கேட்டு, ஓட்டுக்கு அடியில் போடலாம் என்று தயாரித்த கம்பெனியே எழுதியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

மூன்றாவது, தானே ஒட்டிக்கொள்ளும் விரிப்பு. ரப்பர் கலந்த தாரை ஒரு துணியில் ஏற்றி, அடியில் ஒட்டும் பசையோடு வரும். ஆணி இறங்கினால் சுற்றிலும் தார் இறுகி அடைத்துக்கொள்ளும். பாலைவனத்துக்கு இதுதான் என் தேர்வு, ஆனால் ஒரு கட்டாயத்தோடு: அதிகச் சூடு தாங்கும் ரகமாக இருக்கவேண்டும். குளிர்ப்பிரதேசத்தில் பனிக்காகப் போடும் சாதாரண ரகமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அது அரிசோனா வெயிலில் இளகி வழிந்து, இறவாணத்தில் தார் சொட்டுவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல ரகம் ஏறக்குறைய 115 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று உறையிலேயே போட்டிருக்கும். அவர்கள் கணக்கில் அது 240 ஃபாரன்ஹீட்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. பலகையில் நேராக ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. அடுத்த முறை பலகையையும் சேர்த்துப் பெயர்க்க நேரும். அதனால் முதலில் ஒரு ஃபெல்ட் அடுக்கை ஆணியில் பொருத்தி, அதன் மேல் இதை ஒட்டச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம்தான் கூடும். கூரை சரிவு குறைவாக இருந்தால் அங்குள்ள கட்டட விதியே இரட்டை அடுக்கு கேட்கிறது: 12 அங்குல நீளத்துக்கு உயரம் 4 அங்குலத்துக்குக் குறைந்தால் இரண்டு அடுக்கு, இரண்டரை அங்குலத்துக்கும் கீழே போனால் ஓடே போடக்கூடாது. கீழே நின்றபடியே பக்கச் சுவரில் ரசமட்டமும் அளவுகோலும் வைத்து அளந்துவிடுவீர்கள், அந்த வேலையை மாப்பிள்ளைக்கு விடாதீர்கள்.

இங்கேதான் உங்கள் கோபத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது. 24,000 டாலர் கேட்டவர் எழுதிக் கொடுத்த தாளை இணைத்திருந்தீர்கள். அதில் '30 பவுண்ட் ஃபெல்ட், ஓர் அடுக்கு' என்று இருக்கிறது. வேலை சரி, பொருள் சரியில்லை. இந்த வேலையில் பெரிய பணம் கூலிக்குத்தான் போகிறது. ஆயிரக்கணக்கான ஓட்டைக் கழற்றி, உடையாமல் அடுக்கி, திரும்ப மாட்டும் கூலி ஃபெல்ட்டுக்கும் ஒன்றுதான், உயர்ந்த ரகத்துக்கும் ஒன்றுதான். அவ்வளவு கூலி கொடுத்துவிட்டு அதே ஃபெல்ட்டை ஓர் அடுக்கு போடுவது, பட்டுப்புடவைக்குப் பழைய நூலில் தையல் போடுவது மாதிரி. பொருளை மாற்றினால் எவ்வளவு கூடும் என்று மட்டும் அவரிடம் கேளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

'ஆயுள் முழுவதும் உத்தரவாதம்' என்ற சொல்லில் மயங்கவேண்டாம். பொருளுக்குக் கம்பெனி தரும் உத்தரவாதம் வேறு, வேலைக்கு ஆள் தரும் உத்தரவாதம் வேறு. விரிப்பு கெட்டால் புது விரிப்பு கொடுப்பார்கள். ஓட்டைக் கழற்றி மாட்டும் கூலியை யார் தருவது? வேலைக்குப் பத்து வருடமாவது எழுத்தில் வாங்க முடிகிறதா பாருங்கள்.

ஒப்பந்தத்தாளில் இவை இருக்கவேண்டும்: விரிப்பின் பெயரும் ரகமும், எத்தனை அடுக்கு, பள்ளத்திலும் புகைபோக்கி ஓரத்திலும் புதுத் தகடு போடுவார்களா (பழைய தகட்டையே திரும்ப வைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்), ரீப்பருக்கு அடியில் தண்ணீர் ஓட வழி விடுவார்களா, ஊறிப்போன பலகை கிடைத்தால் ஒரு பலகைக்கு என்ன விலை, உடையும் ஓட்டுக்குப் பதில் எங்கிருந்து வரும். 1998-ன் ஓட்டு வடிவம் இப்போது கடையில் கிடைக்காமல் போகலாம். பழைய ஓடு சேர்த்து வைத்திருக்கும் ஆளா என்று விசாரிக்கவேண்டும். கூரையில் சோலார் பலகை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதைக் கழற்றி மாட்டும் செலவு தனி, அது சின்னத் தொகையும் இல்லை.

அரிசோனாவில் ஒப்பந்தக்காரர்களுக்கு உரிமம் கொடுக்கும் மாநில அலுவலகம் இருக்கிறது, ரெஜிஸ்ட்ரார் ஆஃப் கான்ட்ராக்டர்ஸ் என்று பெயர். உரிம எண்ணை வைத்து இணையத்திலேயே சரிபார்க்கலாம். வேலை மோசமென்றால் இரண்டு வருடத்துக்குள் அங்கே புகாரும் கொடுக்கலாம். உரிமம் இல்லாத ஆள் மலிவாகச் செய்கிறேன் என்று வந்தால் இந்தப் பாதுகாப்பை இழக்கிறோம். வீட்டு இன்சூரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. புயலில் ஓடு பறந்தால் கொடுப்பார்கள். வயதாகி இற்றுப்போனதற்குப் பொதுவாகக் கொடுக்கமாட்டார்கள். வீடு வாங்கியபோது வந்த பரிசோதனை அறிக்கையையும், விற்றவர் குறைகளைச் சொல்லி எழுதித் தந்த படிவத்தையும் மாப்பிள்ளை எடுத்துப் படிக்கட்டும். ஒழுகலைத் தெரிந்தே மறைத்திருந்தால் அங்குள்ள வக்கீலைப் பார்க்கலாம். மூன்று வருடம் போய்விட்டதால் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

நேரத்தைப் பொறுத்தவரை, நீங்கள் போகும் மார்ச் அருமையான மாதம். அவர்கள் மழைக்காலக் கணக்கு ஜூன் 15-ல் தொடங்குகிறது. அதற்குள் முடித்துவிடலாம். விரிப்பைப் போட்டபின் ஓடு ஏற்றாமல் வாரக்கணக்கில் வெயிலில் போட்டுவைக்க விடாதீர்கள். ஓடு ஏறும் முன்பே வெயில் அதைத் தின்ன ஆரம்பித்துவிடும்.

போட்ட பிறகு பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒருமுறை பள்ளத்தில் சேர்ந்த சருகையும் புழுதியையும் கையால் எடுக்கவேண்டும். பம்ப் வைத்து வேகமாகத் தண்ணீர் அடித்துக் கழுவக்கூடாது, அது தண்ணீரை ஓட்டுக்கு அடியில் ஏற்றிவிடும். நழுவிய ஓட்டை உடனே சேர்த்து வைக்கவேண்டும். இறவாணத்து ஓட்டு வாயை அடைக்காமல் விட்டால் புறா குடும்பம் நடத்தும். அங்கே பல வீடுகளில் ஏசி இயந்திரம் கூரையிலேயே இருக்கும். வருடத்துக்கு இரண்டு முறை ஏறும் ஏசி மெக்கானிக் உடைக்கும் ஓடுதான் அதிகம். ஓட்டின் கீழ்நுனியில், அடுத்த ஓட்டின் மேல் ஏறி உட்காரும் இடத்தில்தான் கால் வைக்கவேண்டும் என்று சொல்லி ஏற்றச் சொல்லுங்கள். ஓட்டு இடுக்கில் சிலிக்கான் பிதுக்கி அடைக்கும் பழக்கத்தையும் விடச் சொல்லுங்கள். உள்ளே போன தண்ணீர் வெளியே வரும் வழி அதுதான்.

உங்கள் மாடிக்கு அந்தச் சுருள் வேண்டாம்

பெட்டியில் இடம் பிடித்து அதைச் சுமந்து வராதீர்கள். தூக்கினாலே இடுப்பு பிடிக்கும் கனம். அது சரிவான கூரையில் ஓடும் தண்ணீருக்காகச் செய்தது. உங்கள் மாடியில் தண்ணீர் நிற்கிறது. அங்கே பலகை எலும்பு போலக் காய்ந்திருக்கும், பசை பிடித்துக்கொள்ளும். கொருக்குப்பேட்டையில் அந்தச் சுண்ணாம்புத் தளம் இரண்டு மழைக்காலத் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் காற்றுப் புகாத தாரை ஒட்டினால் வெயில் ஏறியதும் ஈரம் ஆவியாகி மேலே வரப் பார்க்கும். வழி இல்லாமல் விரிப்பைக் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கும், இல்லையென்றால் கீழே சமையலறை சீலிங்கில் இறங்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர் வெள்ளை ரப்பர் பெயின்ட் அடித்து, ஐந்து வருடம் கேரன்டி என்று வாயால் சொல்லிவிட்டுப் போனதும், அது உரிந்ததும் இதே காரணத்தால்தான் இருக்கும். அவரிடம் கொடுத்த பணத்துக்கு ரசீதோ, போனில் அனுப்பிய செய்தியோ இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். வழக்குக்குக் காரணமான நிகழ்வு நடந்து இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். எப்போது உரியத் தொடங்கியது என்ற தேதியைத் தேடி வையுங்கள்.

வேலைக்கு வருவோம். 45 சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாளை, வெயில் நன்றாகக் காய்ந்த ஒரு நாள் மாலையில் தட்டோட்டின் மேல் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு, மறுநாள் காலையில் தூக்கிப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் தளம் இன்னும் ஈரம். அப்புறம், மாடி முழுக்கத் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு உண்டு என்று தெரியும். இந்த வீட்டில் வேண்டாம். இரண்டு அங்குலத் தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 50 கிலோ. 600 சதுர அடிக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் டன். 1987-ல் போட்ட தளம், கடல் காற்று வேறு. சமையலறையில் உப்பு பூத்த இடத்தைத் தட்டிப் பார்த்து, டொக் டொக் என்று பொள்ளலாகக் கேட்டால் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் முதல் வேலை கீழே இருந்துதான். மாடிக்கு அப்புறம் போகலாம். சத்தம் கெட்டியாக இருந்தால், வடக்கு மூலையில் மட்டும் களிமண்ணால் சின்னப் பாத்தி கட்டி 48 மணி நேரம் பாருங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில்தான் விரிசல். சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்குத் தட்டோட்டையும் ஊறிய ஜல்லியையும் எடுங்கள். மூலையை வட்டமாகப் பூசி, சிமென்ட்டில் கலக்கும் பாலிமர் பூச்சை இரண்டு கோட், சுவரில் ஓர் அடி உயரம் வரை ஏற்றி அடியுங்கள். அது லேசான ஈரத்தில்கூடப் பிடிக்கும், தார் அப்படிப் பிடிக்காது. மேலே பழையபடி சுண்ணாம்பு ஜல்லி, பத்தடிக்கு இரண்டு அங்குல வாட்டம், தட்டோடு, அதன் இடுக்கை அடைக்கும் பாயின்ட்டிங். க்ரூட் ஆயில் கலந்து பாயின்ட்டிங் செய்த தலைமுறை நீங்கள். அதை நான் சொல்லவேண்டியதில்லை. மீதி மாடியில் இடுக்கு விட்ட இடங்களைச் சுரண்டி நிரப்பினால் போதும். மாசி, பங்குனி வெயிலில் காயவிட்டு, சுண்ணாம்பு அடித்தால் கீழே சூடும் குறையும்.

மார்ச்சுக்கு முன்பு முடியாவிட்டால் திரும்பி வந்து சித்திரையில் தொடங்குங்கள், வைகாசிக்குள் ஆகிவிடும். அதற்குள் ஒரு படம் மட்டும் அனுப்பி வையுங்கள்: மழைநீர் இறங்கும் குழாய் வாய், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்தது. வாய் தட்டோட்டைவிட அரை அங்குலம் மேலே நிற்கிறதோ என்று உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம்.